விலக்கில் நிற்கும் மக்கள்

(கிளைப் பொறுப்பாளர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று உங்களிடம் பேச எனக்குத் தரப்பட்டிருக்கும் பொருள், மேடையிலே கைதட்டல் வாங்கித் தரக்கூடிய பொருள் அன்று. பேருந்தைப் பற்றிப் பேசப்போகிறேன். அதுவும் நெடுஞ்சாலையிலே பறந்துசெல்லும் விரைவுப் பேருந்தைப் பற்றி அன்று. அந்த நெடுஞ்சாலைக்கு வந்துசேர வழியின்றி ஊருக்குள்ளே கிடந்து தவிப்பவர்களை, அங்கே கொண்டுவந்து சேர்க்கவேண்டிய சின்னஞ்சிறு இணைப்புப் பேருந்தைப் பற்றி.

தென்மாவட்டங்களிலே ஒரு சொல் வழக்கில் இருக்கிறது. நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குப் பிரிந்துசெல்லும் பாதை தொடங்கும் இடத்தை ‘விலக்கு’ என்பார்கள். இன்ன ஊர் விலக்கு என்று சொன்னால் நடத்துநர் விசில் கொடுப்பார், வண்டி நிற்கும், மூட்டையோடு மூதாட்டி இறங்குவார், வண்டி போய்விடும். அதற்குப் பிறகு? அங்கிருந்து ஊர் ஐந்து கிலோமீட்டர் இருக்கலாம், எட்டுக் கிலோமீட்டர் இருக்கலாம். நிழலுக்கு ஒரு மரம் இருந்தால் அது அவருடைய நல்வாய்ப்பு. பாதையைக் குறிக்கப் பிறந்த சொல்தான்; ஆனால் அங்கே காத்து நிற்கின்ற மக்களைப் பார்க்கும்போது, ‘விலக்கு’ என்பதற்கு ஒதுக்கிவைக்கப்பட்ட இடம் என்ற பொருளும் பொருந்தித்தானே போகிறது!

பேருந்தைப் பொதுவுடைமையாக்கியது இந்த நாட்டின் பெருமைகளிலே ஒன்று. 1947இல் சென்னை நகரிலே அரசு பேருந்து ஓட்டத் தொடங்கியது. 1972இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்ற பெயர்களைத் தாங்கிப் போக்குவரத்துக் கழகங்கள் எழுந்தன. ஆதாயம் தரும் தடத்தை மட்டும் தனியார் பொறுக்கியெடுத்துக் கொள்ள, ஆதாயம் தராத ஊர் இருளிலே கிடக்கட்டும் என்றிருந்த நிலையை மாற்றத்தான் அந்த ஏற்பாடு. நெடுஞ்சாலைகளும் நகரங்களும் அதனால் இணைந்தன. இருந்தும், பெரிய பேருந்து திரும்ப இடமில்லாத தெருக்களும், அது நிறைய ஆளில்லாத சிற்றூர்களும் எஞ்சி நின்றன.

அந்தக் குறையைப் போக்கவே 1997இல் கலைஞர் அவர்களின் அரசு சிற்றுந்துத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ‘மினி பஸ்’ என்று மக்கள் அழைத்து மகிழ்ந்த அந்த வண்டிக்கு வகுக்கப்பட்ட விதி என்ன? தடத்தின் நீளம் 20 கிலோமீட்டர். அதிலே 16 கிலோமீட்டர், பேருந்தே போகாத பகுதியாக இருக்கவேண்டும். 4 கிலோமீட்டர் மட்டும், ஏற்கெனவே பேருந்து ஓடும் பகுதியிலே ஓடலாம். ஊரிலிருந்து ஆளை ஏற்றிக்கொண்டு வந்து கடைவீதியிலோ பேருந்து நிலையத்திலோ சேர்ப்பதற்கு அந்த 4 கிலோமீட்டர்.

நல்ல நோக்கம், நேர்மையான விதி. ஆனால் நடந்தது என்ன? ஆள் நிறைய ஏறுவது அந்த 4 கிலோமீட்டரில்தான். டீசல் விலை ஏறிற்று, உதிரிப்பொருள் விலை ஏறிற்று. 16 கிலோமீட்டரிலே கிடைத்த வசூல் ஏறவில்லை. ஆகவே பல இடங்களிலே சிற்றுந்தின் சக்கரம், எங்கே காசு இருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்பிற்று. கடைசி ஊர்வரை போகவேண்டிய வண்டி பாதியிலே திரும்பியது. இரவு நடை நின்றது. பகல் நடை குறைந்தது. பின்னர் வண்டியே நின்றது.

உரிமையாளர் அத்தனைபேரும் கொடியவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். கடன் வாங்கி ஒரே ஒரு வண்டியை வைத்துப் பிழைத்தவர்களும் அவர்களிலே உண்டு. அனுமதிச் சீட்டு ‘ஊருக்குப் போ’ என்றது. வசூல் பை ‘கடைவீதிக்குப் போ’ என்றது. மாலையிலே தவணை கட்டவேண்டியவன் எந்தக் கட்டளைக்குப் பணிவான்? வண்டியின் வருவாயை டிக்கெட்டின் மீது மட்டும் கட்டிவைத்துவிட்டு, ஆளில்லாத ஊருக்கு அது போகவேண்டும் என்று விதி எழுதினால், அந்த விதி நெடுநாள் நிலைக்காது. இதுதான் முதற்பாடம்.

2025 ஜூன் 16 அன்று தஞ்சாவூரில் தொடங்கிவைக்கப்பட்ட புதிய சிற்றுந்துத் திட்டம், இந்தப் பாடத்தில் ஒரு பாதியை உணர்ந்தது. தடத்தின் நீளம் 25 கிலோமீட்டர்வரை போகலாம். அதில் 65 விழுக்காட்டுக்குக் குறையாத பகுதி, பேருந்து இல்லாத பகுதியாக இருக்கவேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. அதாவது, ஆள் ஏறும் பகுதி சற்று நீண்டது. வண்டி பிழைக்க வழி சற்று அகன்றது. வரவேற்கிறோம். ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்: ஆசை காட்டும் தூரம் நீண்டிருக்கிறதே, கடைசி ஊருக்குப் போகவேண்டும் என்ற கட்டாயமும் அதே அளவு நீண்டிருக்கிறதா?

இங்கே இருவகையான குரல்கள் நம் காதிலே விழுகின்றன. ஒரு சாரார் சொல்லுகிறார்கள்: “நட்டத்திலே ஓடுகிற வண்டியை நிறுத்திவிடு. பொதுமக்கள் பணத்தைப் புழுதியிலே கொட்டாதே” என்று. மற்றொரு சாரார், நம்முடைய தோழர்களிலே பலர், சொல்லுகிறார்கள்: “மக்களுக்காக ஓடுகிற வண்டிக்குக் கணக்கு எதற்கு? எவ்வளவு நட்டம் வந்தாலும் ஓடட்டும்” என்று. முதற்குரலிலே நெஞ்சம் இல்லை. இரண்டாம் குரலிலே நெஞ்சம் இருக்கிறது, கணக்கு இல்லை. கணக்கில்லாத நெஞ்சம் தொடங்கிவைக்கும் வண்டியை, நெஞ்சமில்லாத கணக்கு வந்து நிறுத்திவிடும். பல ஊர்களிலே நடந்தது இதுவே.

தோழர்களே, நட்டம் இருவகைப்படும். இருபது வீடுள்ள சிற்றூருக்கு வண்டி போவதால் வருகிற நட்டம் ஒன்று. அது நட்டமே அன்று, அது செலவு. பள்ளிக்கூடத்துக்குச் சம்பளம் கொடுக்கிறோம், மருத்துவமனைக்கு மருந்து வாங்குகிறோம், அவற்றை நட்டம் என்றா எழுதுகிறோம்? மற்றொன்று, ஒழுங்காகத் திட்டமிடாததால் வருகிற நட்டம். ஆளில்லாத நேரத்திலே இரண்டு வண்டி அடுத்தடுத்து ஓடுவதும், ஆளுள்ள நேரத்திலே ஒன்றுகூட இல்லாததும், வெறும் வண்டி பணிமனைக்கும் ஊருக்குமாக ஓடுவதும் இந்த இரண்டாம் வகை. முதல் வகையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டாம் வகையைத் துடைத்தெறிய வேண்டும். இரண்டையும் ஒரே பேரேட்டிலே, ஒரே தலைப்பிலே எழுதுவதால்தான், வீணை ஒழிக்க வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வருபவர் ஊரின் வண்டியை ஒழித்துவிட்டுப் போகிறார்.

இந்த இரண்டாம் வகை நட்டத்தை எப்படித் துடைப்பது? கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். ஒரு கற்பனைத் தடத்தை எடுத்துக்கொள்வோம். ஊரிலிருந்து விலக்குக்கு 9 கிலோமீட்டர். போக 25 நிமிடம்; வர 25 நிமிடம்; இரு முனையிலும் ஐந்தைந்து நிமிடம் நின்று ஆள் ஏற்ற 10 நிமிடம். ஆக மொத்தம் 60 நிமிடம். ஒரே ஒரு வண்டியை வைத்துக்கொண்டு, மணிக்கு ஒருமுறை, ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில், சேவை தந்துவிடலாம். இப்பொழுது ஒரு செல்வாக்குள்ளவர் வருகிறார். “எங்கள் தெரு வழியாகவும் விடுங்கள், ஐந்தே நிமிடம்தானே” என்கிறார். போக ஐந்து, வர ஐந்து. 60 நிமிடம் 70 நிமிடமாகிறது. மணிக்கு ஒருமுறை என்ற ஒழுங்கைக் காக்க இனி இரண்டாவது வண்டி வேண்டும், அதற்கு இன்னும் ஓட்டுநரும் நடத்துநரும் வேண்டும். இல்லையேல் அந்த ஒரே வண்டி ஆறு மணிக்கும், ஏழு பத்துக்கும், எட்டு இருபதுக்கும் வரும். எந்தப் பாட்டிக்கு அந்த நேரம் நினைவிலே நிற்கும்? ஐந்து நிமிடச் சலுகை ஒரு வண்டியின் விலையை விழுங்கிவிடுகிறது. ஆகவே வளைந்து வளைந்து எல்லா வீட்டு வாசலையும் தொடுகின்ற தடம் நல்ல தடம் அன்று. நேராகப் போய், நேரத்துக்குப் போய், பெரும்பாலோர் நடந்துவரக்கூடிய தூரத்தில் நிற்கின்ற தடமே நல்ல தடம்.

அடுத்து, வண்டியின் செலவிலே பெரும்பகுதி ஓடினாலும் உண்டு, ஓடாமல் நின்றாலும் உண்டு. ஊதியம், கடன் தவணை, காப்பீடு, வரி ஆகியவை நடைக்கு நடை மாறுவதில்லை. மாறுவது டீசலும் டயர் தேய்மானமும்தான். மேற்சொன்ன தடத்திலே போய்வர 18 கிலோமீட்டர். லிட்டருக்கு 6 கிலோமீட்டர் என்றும், எளிமைக்காக லிட்டர் 100 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், ஒரு நடைக்கு எரிபொருள் 300 ரூபாய். பத்து ரூபாய்க் கட்டணத்திலே போகும்போது 15 பேர், வரும்போது 15 பேர் ஏறினால் எரிபொருள் செலவு வந்துவிட்டது. அந்த நடையை நிறுத்துவதால் மிச்சமாவது டயர் தேய்மானம்தான். நண்பகல் நடையில் மொத்தச் செலவையும் ஏற்றிக் காட்டி, “இது நட்டம், நிறுத்து” என்று எழுதுகின்ற பேனா, பாதிக் கணக்கை மறைக்கின்ற பேனா.

அந்த முப்பது பேரும் விலக்கிலே இறங்கி எங்கே போகிறார்கள்? பெரிய பேருந்திலே ஏறுகிறார்கள். அந்த வருவாய் யாருடைய பேரேட்டில் சேருகிறது? பெரிய பேருந்தின் பேரேட்டில். ஆற்றுக்கு நீர் கொண்டுவந்த ஓடையைப் பார்த்து, “உன்னிடம் நீரே இல்லையே” என்று ஏளனம் செய்வதைப் போன்றது, இணைப்புப் பேருந்தை அதன் டிக்கெட்டை மட்டும் எண்ணி மதிப்பிடுவது.

இன்னும் ஒரு தவறான எண்ணத்தையும் போக்கிக்கொள்ள வேண்டும். சின்ன வண்டி என்பதால் செலவு பாதி என்று நினைக்கிறார்கள். 25 இருக்கை வண்டிக்கும் ஓர் ஓட்டுநர். 50 இருக்கை வண்டிக்கும் ஓர் ஓட்டுநர். ஊதியத்திலே பாதி இல்லை. சிற்றுந்தின் பெருமை, குறுகிய சாலையிலே நுழைந்து திரும்ப முடிவது, மலிவு அன்று. பெரிய வண்டி போகக்கூடிய சாலையும், அது நிறையக்கூடிய ஊரும் இருந்தால், அங்கே சிற்றுந்து கேட்டுப் போராட வேண்டியதில்லை. பெரிய வண்டியையே கேளுங்கள்.

வெற்றோட்டத்தைக் குறைக்க நம் முன்னோர் கண்ட வழி ஒன்று உண்டு: இரவுத் தங்கல். கடைசி நடை ஊருக்கு வந்து, அங்கேயே தங்கி, விடியற்காலையில் முதல் நடையாகப் புறப்படும். இரவிலே வெறும் வண்டியாகப் பணிமனைக்குப் போவதும் காலையிலே வெறும் வண்டியாக வருவதும் மிச்சம். அதற்கு என்ன வேண்டும்? ஓட்டுநரும் நடத்துநரும் தலைசாய்க்க ஓர் அறை, விளக்கு, மின்விசிறி, கழிப்பறை, குடிநீர். இதைக்கூடத் தராமல், திறந்தவெளியிலே கொசுக்கடியிலே படுக்கவைத்துவிட்டு, “இரவு நடை ஏன் நின்றது?” என்று கேட்பது நியாயமாகுமா? உழைக்கும் தோழனுக்கு ஓர் அறை கட்டிக் கொடுக்கும் ஊர், தன் வண்டியைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் ஊர்.

அடுத்தது நேரம். இணைப்புப் பேருந்து என்பதன் பொருளே இணைப்பதுதான். பெரிய பேருந்து 8.10க்குப் போய்விட, சிற்றுந்து 8.15க்கு விலக்குக்கு வந்தால், அது இணைப்பா? சுவிட்சர்லாந்து மலைநாடு, ஊர்கள் பள்ளத்தாக்குகளிலே சிதறிக் கிடக்கின்றன. 1982இல் அந்த நாடு முழுவதற்கும் ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்திலே தொடர்வண்டி வரும். மலையூர்களுக்குப் போகும் மஞ்சள்நிற அஞ்சல் பேருந்துகள், தொடர்வண்டியின் நேரத்தை ஒட்டி நிலையத்துக்கு வந்து நிற்கும். வண்டியைவிட்டு இறங்கியவர் நிமிடக்கணக்கிலே அடுத்த வண்டியில் ஏறுகிறார். அதற்கு வேண்டியது புதிய வண்டி அன்று. ஒரு கடிகாரமும் ஒரு மேசையும், இரண்டு வண்டிகளின் பொறுப்பாளரும் அந்த மேசையைச் சுற்றி உட்காருவதும்தான். நம் நாட்டிலே அந்த மேசை போடப்படாமலிருந்தால், அதைப் போடச் சொல்வது நம் கடமை.

மேசை போடப்படாததன் விளைவைச் சென்னையிலேயே கண்டோம். 1995இல் கடற்கரைக்கும் சேப்பாக்கத்துக்கும் இடையே பறக்கும் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. உயரத்திலே நிலையம் எழுந்தது. கீழே வாசலிலே அதற்கு ஏற்பப் பேருந்து வந்து நிற்கவில்லை. பல ஆண்டுகள் அந்த வண்டி காலியாகவே ஓடிற்று. தூண் எழுப்பத் தெரிந்த நமக்கு, தூணின் அடியிலே பேருந்தை நிறுத்தத் தெரியவில்லை.

இனிக் கட்டணம். 2021 மே மாதம், அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளிலே மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யும் திட்டம் வந்தது. மாதம் சராசரியாக 888 ரூபாய் ஒரு பெண்ணுக்கு மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கண்டது. கூலிக்குப் போகும் தாய்க்கு 888 ரூபாய் என்பது அரிசி. பிள்ளையின் நோட்டுப் புத்தகம். போக்குவரத்துக் கழகங்கள் இழந்த கட்டணத்தை அரசு ஈடுசெய்தது. அதுதான் இந்தத் திட்டத்தின் உயிர்நிலை. சலுகையை அறிவித்துவிட்டுச் சுமையைப் பேருந்தின் தலையிலே ஏற்றவில்லை; ஆணையிட்டவரே பணமும் தந்தார்.

ஆனால் தனியார் சிற்றுந்து அந்தத் திட்டத்திலே அடங்கவில்லை. விளைவு என்ன? நகரத்தின் பெண், வீட்டுக்கருகே ஏறிக் கட்டணமின்றிப் போகிறாள். விலக்குக்கு அப்பால் இருக்கும் பெண்ணோ, முதல் எட்டுக் கிலோமீட்டருக்குக் காசு கொடுத்த பிறகுதான், கட்டணமில்லாப் பேருந்தின் படியை மிதிக்கமுடிகிறது. யார் அதிகம் ஏழையோ அவளே அதிகம் கொடுக்கிறாள்! இதை மாற்றாமல் சமத்துவம் பேச நமக்கு நா எழலாமா?

பிரேசில் நாட்டிலே கூரிட்டிபா என்றொரு நகரம். 1974இல் பெருவழிகளிலே விரைவுப் பேருந்துகளையும், அவற்றுக்கு ஆள் கொண்டுவரும் இணைப்புப் பேருந்துகளையும் ஒரே திட்டமாக ஓட்டத் தொடங்கினார்கள். 1980இல் ஒரே கட்டணம் என்றார்கள். நகரின் ஓரத்திலே குடியிருக்கும் ஏழை இணைப்புப் பேருந்திலே ஏறி, முனையத்திலே மாறி, நெடுந்தூரம் போனாலும் ஒரே கட்டணம். நடுநகரிலே குறைந்த தூரம் போகிறவரும் அதே கட்டணம். அருகே இருப்பவர் தூரத்தே இருப்பவருக்குத் தோள் கொடுத்தார். பேருந்துகள் தனியாருடையவை, வசூலோ நகரத்தின் பொதுப் பெட்டிக்குப் போயிற்று, ஓட்டியவர்க்கு ஓடிய கிலோமீட்டருக்குக் கூலி வந்தது. ஆகவே ஆளுள்ள தடம், ஆளில்லாத தடம் என்று பொறுக்கியெடுக்கும் ஆசைக்கே இடமில்லாமற்போயிற்று.

இதற்கு மாறான வழியையும் உலகம் கண்டிருக்கிறது. பிரிட்டனிலே 1985இல் சட்டம் இயற்றி, 1986 அக்டோபரிலிருந்து இலண்டனுக்கு வெளியே பேருந்துத் தடங்களைச் சந்தையின் கையிலே விட்டார்கள். ஆதாயம் தரும் தடங்களை நிறுவனங்கள் தாமே எடுத்துக்கொண்டன. ஆதாயமற்ற தடம் மக்களுக்குத் தேவையென்றால், ஊராட்சி மன்றங்கள் பணம் கொடுத்து ஓட்டச் சொல்லவேண்டியதாயிற்று. மன்றங்களின் நிதி சுருங்கியபோது அந்த வண்டிகள் முதலிலே நின்றன. இலாபம் தனியாருக்கு, நட்டம் பொதுமக்களுக்கு என்ற பங்கீடு எந்த நாட்டிலும் ஏழையின் பக்கம் சாய்ந்ததில்லை.

ஆகவே நாம் கேட்கவேண்டியது என்ன? அரசே ஓட்டினாலும் சரி, தனியார் ஓட்டினாலும் சரி, கடைசி ஊர்வரை ஓடிய கிலோமீட்டருக்குக் கூலி; ஓடாத நடைக்குக் கூலி இல்லை, தண்டமும் உண்டு; வசூல் பொதுப்பெட்டிக்கு. சென்னையிலே 2025இல் ஓடத்தொடங்கிய மின்சாரப் பேருந்துகளுக்கு, ஓடும் கிலோமீட்டருக்குப் பணம் என்ற ஒப்பந்தமுறை வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், பேருந்து, புறநகர்த் தொடர்வண்டி, மெட்ரோ மூன்றுக்கும் ஒரே பயணச்சீட்டு எடுக்கும் ‘சென்னை ஒன்று’ செயலியும் வந்தது. தலைநகருக்குத் தகும் முறை சிற்றூருக்குத் தகாதா? ஒரு தடத்துக்கு ஆண்டுக்கு எவ்வளவு பொதுப்பணம் தரப்படும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து, வரவு செலவுத் திட்டத்திலே எழுதி, ஊரறியச் சொல்லிவிட வேண்டும். எழுதிவைத்த செலவைக் காப்பாற்றலாம். ஒளித்துவைத்த நட்டம் ஒருநாள் வண்டியைக் கவிழ்த்துவிடும்.

தோழர்களே! இதெல்லாம் அதிகாரிகள் பார்க்கவேண்டிய வேலை என்று எண்ணிவிடாதீர்கள். கிளைக்கு ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலிருந்து காலையிலே எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எங்கே போகிறார்கள் என்று வீடுவீடாகக் கேட்டு எழுதுங்கள். பள்ளி விடும் நேரம், ஆலையிலே பணிமுறை மாறும் நேரம், சந்தை நாள், மருத்துவமனையின் வெளிநோயாளர் நேரம் ஆகியவற்றைக் குறியுங்கள். விலக்கிலே ஒருநாள் முழுதும் நின்று, பெரிய பேருந்துகள் உண்மையிலே எத்தனை மணிக்கு வருகின்றன என்று பாருங்கள். அட்டையிலே எழுதியிருப்பதை அன்று, கண்ணாலே கண்டதை எழுதுங்கள். ஓட்டுநரிடமும் நடத்துநரிடமும் கேளுங்கள். எந்த வளைவிலே நேரம் போகிறது, எந்த நிறுத்தத்திலே ஆளே ஏறுவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். பெண்களைத் தனியே கேளுங்கள். மாலை ஏழு மணிக்குமேல் வண்டி இல்லாததால் வேலையை விட்டவர் எத்தனை பேர், மேற்படிப்பை நிறுத்திய மகள் எத்தனை பேர் என்பது அப்பொழுதுதான் வெளியே வரும். அந்தத் தாளோடு போய்க் கேளுங்கள். வெறுங்கையோடு போனால் மனு. கணக்கோடு போனால் திட்டம்.

கேட்டு வாங்கிய பிறகு வேலை முடிந்துவிடுவதில்லை. புது வண்டி வந்தால் மாலை போடுவோம், கொடி கட்டுவோம், தேங்காய் உடைப்பார்கள். மூன்றாம் மாதம் இரவு நடை வருகிறதா என்று யார் பார்ப்பது? நாம் பார்க்கவேண்டும். ஒரு நடை தவறினால் குறித்துவைக்க வேண்டும். பழகிய நேரத்தை நம்பி மக்கள் தம் வாழ்க்கையை மாற்றிக்கொள்ள மாதங்கள் ஆகும். அதற்குள் ஆளில்லை என்று நிறுத்திவிட்டால், அது நடுகிற அன்றே பிடுங்கிப் பார்க்கிற வேளாண்மை. நம் தோழர் ஒருவரே “என் வீட்டு வழியாக வரட்டும்” என்று கேட்டால், அவரிடமும் அந்த 70 நிமிடக் கணக்கைச் சொல்லி, “அண்ணே, வேண்டாம்” என்று மறுக்கும் துணிவு நமக்கு வேண்டும்.

நம் இயக்கம் கிளைகளால் ஆனது. வேரும் அடிமரமும் எவ்வளவு பருத்திருந்தாலும், இலை துளிர்ப்பது கிளையிலேதான். போக்குவரத்துக்கும் அதுவே நியதி. நாலுவழிச் சாலையை, ஆறுவழிச் சாலையை, மேம்பாலத்தை எல்லாம் எண்ணிப் பெருமைப்படுவோம். ஆனால் ஓர் ஆட்சியின் நேர்மையை அளக்க விரும்புகிறவர், மாலை ஏழரை மணிக்கு ஒரு விலக்கிலே இறங்கிப் பார்க்கட்டும். அங்கே இறங்குகின்ற பெண், கைவிளக்கைத் தேடுகிறாளா, அல்லது எதிரே விளக்கெரிய நிற்கும் சிற்றுந்தை நோக்கி நடக்கிறாளா என்று பார்க்கட்டும்.

அந்தச் சிற்றுந்து அங்கே நிற்கவேண்டும். நாளையும் நிற்கவேண்டும். அதற்கான கணக்கை எழுதத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள், தோழர்களே!